ஜிஎஸ்டி: மாதக் கணக்கா, காலாண்டுக் கணக்கா?

ஓசூரில் லேத் பட்டறை நடத்துகிறேன். ஆள் வைத்து வேலை வாங்கினால் சில கெடுக்களை நாம் மாற்ற முடியாது. பிஎஃப், இஎஸ்ஐ இரண்டும் மாதாமாதம் 15-க்குள். சம்பளத்தில் பிடித்த வருமான வரி (டிடிஎஸ்) மறுமாதம் 7-க்குள், அதன் ரிட்டர்ன் காலாண்டுக்கு ஒன்று. தொழில் வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஜிஎஸ்டியில்தான் முடிவு நம் கையில். ஆண்டு டர்ன்ஓவர் 5 கோடிக்குள் என்றால், 2021-இல் வந்த காலாண்டுத் திட்டத்துக்குப் போகலாம். நான் மாதக் கணக்கைத்தான் எடுத்தேன். கம்பெனிகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் யாருக்கும் அதையே சொல்வேன்.

காலாண்டில் 3பி ரிட்டர்ன் (மொத்த விற்பனையும் வரியும் காட்டும் கணக்கு) ஆண்டுக்கு நான்கோடு முடிந்துவிடும். ஆனால் வரி கட்டுவது மாதாமாதம்தான். காலாண்டின் முதல் இரண்டு மாதத்துக்கும் மறுமாதம் 25-க்குள் செலுத்த வேண்டும்.

என்னை முடிவெடுக்க வைத்தது வாங்குபவரின் இன்புட் கிரெடிட், அதாவது நம்மிடம் கொடுத்த வரியை அவர் தன் வரியில் கழித்துக்கொள்வது. ஏப்ரல் 5 அன்று ஒரு லட்சத்துக்குப் பில் போடுகிறோம், வரி 18,000. மாதக் கணக்கில் மே 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைப் பில் விவரம்) போட்டால், மே 14 அன்று வாங்கிய கம்பெனியின் 2பி-யில் (அவர்களுக்கு வரும் கிரெடிட் பட்டியல்) அது வந்துவிடும். காலாண்டில் சும்மா இருந்துவிட்டால் ஜூலை 14 வரை வராது. 2பி-யில் பார்த்த பிறகே வரித்தொகையை விடுவிக்கும் கம்பெனிகள் இங்கே உண்டு. அப்படி இரண்டு மாதம் பணம் நின்றால் இடிப்பது சம்பளத்தில்தான். ஆட்களைக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

இதற்கு ஐஎஃப்எஃப் என்ற வழி இருக்கிறது, உண்மைதான். முதல் இரண்டு மாதப் பில்களையும் மறுமாதம் 13-க்குள் ஏற்றிவிடலாம். கட்டாயம் இல்லை என்பதால் அவசர வேலையில் அதுதான் முதலில் விட்டுப்போகும். சரி, தவறாமல் ஏற்றினாலும், மாதாமாதம் பில் ஏற்றி வரியும் கட்டிய பிறகு மிச்சமாவது எட்டு 3பி மட்டுமே. பிஎஃப்புக்காக எப்படியும் கணக்கோடு உட்காருகிறோம்; அதே வாரத்தில் இதையும் முடித்துவிடலாம்.

தர்மபுரி கடைவீதியில் சில்லறை விற்பவருக்குக் காலாண்டே போதும். அங்கே யாரும் கிரெடிட்டுக்குக் காத்திருப்பதில்லை. கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளுக்கும் அது பொருந்தலாம். முந்தைய காலாண்டில் கிரெடிட் போக ரொக்கமாகக் கட்டியதில் 35 சதவீதத்தை மாதாமாதம் கட்டும் முறை அதில் உண்டு. சீசனுக்கு முந்தைய காலாண்டு மந்தம் என்றால் ஏப்ரல், மே மாதங்களுக்குக் கட்டுவது குறையும். மீதியை ஜூலை 22-க்குள் கட்டலாம். ஆனால் என் அனுபவம் பட்டறையோடு சரி, ஆலைக்காரர்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

மாற நினைத்தால், ஏப்ரல்-ஜூன் காலாண்டுக்கு பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 30 வரை போர்ட்டலில் மாற்றிக்கொள்ளலாம்.