பிஜிஎஸ்ஸா என்பிஓபியா? ஆர்கானிக் மஞ்சளுக்கு நான் எடுத்த முடிவு

ஆர்கானிக் மஞ்சளை வெளிநாட்டுக்கு அனுப்பலாம்னு எறங்கினப்ப ரெண்டு சான்று முறையைத்தான் எல்லாரும் சொன்னாங்க. ஒண்ணு பிஜிஎஸ், விவசாயிங்களே ஒருத்தருக்கொருத்தர் உத்தரவாதம் குடுக்கறது. இன்னொண்ணு என்பிஓபி, மத்திய அரசோட தேசிய ஆர்கானிக் உற்பத்தித் திட்டம். நான் என்பிஓபி எடுத்தேன், இப்பவும் அதுலதான் இருக்கேன், அதனால எந்தப் பக்கம் சாயப் போறேன்னு முன்னாடியே தெரிஞ்சுக்கங்க. ஐஇசிங்கற ஏத்துமதி-எறக்குமதி கோடு, உணவுப் பாதுகாப்புக்கான எஃப்எஸ்எஸ்ஏஐ சென்ட்ரல் லைசென்ஸ், ஸ்பைசஸ் போர்டோட ஏத்துமதியாளர் பதிவான சிஆர்இஎஸ் இதெல்லாம் சாதா மஞ்சளா இருந்தாலும் வேணும்ங்கறதால அந்தப் பக்கம் போகல.

பிஜிஎஸ்-ஸைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது. அஞ்சு விவசாயி சேர்ந்தா ஒரு குரூப், ஒருத்தர் காட்டை இன்னொருத்தர் போய்ப் பாத்து கையெழுத்து போடணும், செலவும் பெருசா இல்ல. வருஷத்துக்கு ஒரு தடவை கார்ல வந்து எறங்கற இன்ஸ்பெக்டரை ஏமாத்தலாம், பக்கத்துக் காட்டுக்காரர் கண்ணுல படாம ஒரு மூட்டை யூரியா எறக்கிட முடியுமா? உள்நாட்டுல ஆர்கானிக்னு காட்டற ஜைவிக் பாரத் லோகோ போட்டு விக்கறதுக்கும் அது செல்லும். ஏத்துமதிக்குத்தான் செல்லாது. ஈரோட்டுலயோ சென்னையிலயோ கடை வச்சு விக்கறவரா இருந்தா பிஜிஎஸ்லயே இருங்க, வீணா காசு கரைக்காதீங்க.

என்பிஓபி 2001ல வந்தது, மத்திய அரசோட விவசாயப் பொருள் ஏத்துமதி ஆணையமான அபெடா கவனிக்குது, மூணாவது ஆளா ஒரு சான்று நிறுவனம் வந்து செக் பண்ணும். கோயம்புத்தூர்ல நம்ம அரசோட அங்ககச் சான்றளிப்புத் துறையும் இதைத் தருது, தனியார் கட்டணத்தைப் பாத்து மலைக்கறவங்க மொதல்ல அங்க போய்க் கேளுங்க. சின்ன விவசாயிங்க தனித்தனியா கட்ட முடியாதுன்னுதான் குரூப் முறை, 25 பேர்ல இருந்து 500 பேர் வரைக்கும் சேரலாம். மஞ்சள் மாதிரிப் பயிருக்கு மாறுதல் காலம், அதாவது சாதா நிலம் ஆர்கானிக்கா மாற ஆகற காலம், விதைக்கறதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம், அந்த ரெண்டு வருஷமும் ஆர்கானிக் வெலை கெடைக்காது, விவசாயியை நிறுத்தி வைக்கறதே பெரிய பாடு.

சரி, என்னை இந்தப் பக்கம் தள்ளினது டிசி, அதாவது டிரான்சாக்ஷன் சர்டிபிகேட். நெறைய பேர் சான்று நிறுவனம் குடுக்கற ஸ்கோப் சர்டிபிகேட்டை லேமினேட் பண்ணி செவுத்துல மாட்டிட்டா வேலை முடிஞ்சுதுன்னு நெனைக்கறாங்க, நானும் அப்படித்தான் நெனச்சேன். அது "இவர் ஆர்கானிக் பண்றவர்"னு மட்டுந்தான் சொல்லும், "இந்த மூட்டை ஆர்கானிக்"னு சொல்றது டிசி. குரூப் எனக்கு விக்கறப்ப ஒரு டிசி, நான் அடுத்தவருக்கு விக்கறப்ப இன்னொண்ணு, எல்லாம் அபெடாவோட ஆன்லைன் பதிவான ட்ரேஸ்நெட்ல ஏறி ஸ்டாக்ல கழியும். பச்ச மஞ்சள் அஞ்சு கிலோவை வேகவெச்சுக் காயவெச்சா சுமாரா ஒரு கிலோதான் நிக்கும், அந்தக் கணக்குக்கு மேல ஒரு மூட்டை கூடினாலும் எங்கிருந்து வந்ததுன்னு கேப்பாங்க.

எங்க மொத லாட் இதுலதான் மாட்டுச்சு. விரலி சுத்தமான ஆர்கானிக், டிசியும் இருந்துச்சு, பொடி அரைக்க வழக்கமா போற மில்லுலயே குடுத்துட்டேன். அந்த மில்லுக்கு என்பிஓபி சான்று கெடையாது. அவ்ளோதான், பொடிக்கு டிசி வாங்க வழியில்லாம போச்சு, அத்தனையும் சாதா பொடி வெலைக்குப் போச்சு. மில்லுக்காரரைத் திட்டி என்ன பண்றது, கேக்காதது என் தப்பு. காடு, குடோன், மில்லு, வியாபாரின்னு சங்கிலில ஒரு கண்ணி விட்டாலும் பின்னாடி எல்லாமே சாதா சரக்குதான்.

பராமரிப்புல இன்னொரு தலைவலி, ஸ்கோப் சர்டிபிகேட் ஒரு வருஷத்துக்குத்தான். புது மஞ்சள் வரத்து சூடு பிடிக்கற நேரத்துல அது காலாவதியாகி ரினீவல் இழுத்துச்சுன்னா சரக்கு குடோன்ல கெடக்கும், டிசி வராது. மொதல்ல விண்ணப்பிக்கறப்பவே தேதி எப்ப விழும்னு கணக்குப் போட்டுக்கங்க.

2025 ஜனவரில வந்த என்பிஓபி விதிகளோட எட்டாவது பதிப்புல விவசாயி குரூப்புக்குச் சட்டப்படி பதிவு இருக்கணும்னு சொல்லிட்டாங்க. எனக்கு இது பிடிச்சிருக்கு. முன்னாடி வியாபாரி கையில சான்று சிக்கிக்கிட்டு, விவசாயி வேற ஆளுக்கு விக்க முடியாம தவிச்ச கதை நெறைய கேள்விப்பட்டிருக்கேன்.

அமெரிக்காவுக்கு நான் அனுப்பினதில்ல. 2021ல அவங்க என்பிஓபியை ஏத்துக்கறதை நிறுத்திட்டாங்க, 2022 ஜூலைக்கு அப்புறம் நேரா அவங்க நாட்டு ஆர்கானிக் திட்டமான என்ஓபி சான்றே வேணும், அதுக்கு ஆகற செலவை அனுப்பறவங்ககிட்டயே கேளுங்க. ஐரோப்பாவுக்கு ஒவ்வொரு கன்சைன்மென்ட்டுக்கும் சிஓஐ, அதாவது சர்டிபிகேட் ஆஃப் இன்ஸ்பெக்ஷன் வேணும், சரக்கு இங்கிருந்து கெளம்பறதுக்கு முன்னாடியே அது கையில இருக்கணும்.

இந்த வருஷம் பிஜிஎஸ்ல இருந்து எட்டு பேர் எங்க குரூப்புக்கு வந்திருக்காங்க. அவங்க மூட்டையை மட்டும் சேப்புக் கயித்துல கட்டி குடோன்ல தனி ஓரமா அடுக்கச் சொல்லியிருக்கேன், மாறுதல் காலம் முடியற வரைக்கும் மத்த மூட்டையோட கலந்துடக் கூடாது.