ஏஐஓவா, தனி லூப்பா? திருத்தணி வெயிலுக்கு எது சரி

மே மாதத்தில் திருத்தணி அறைக்குள் 38 டிகிரி என்றால், கம்ப்யூட்டருக்குப் போடும் எந்த வாட்டர் கூலிங்கிலும் தண்ணீர் அதற்குக் கீழே குளிராது. சத்தத்தில்தான் நிஜமான வித்தியாசம்.

ஏஐஓ என்பது பம்ப், சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டர், குழாய் எல்லாம் சேர்ந்தே தயாராக வரும் செட்; 240 மி.மீ. ஏஐஓவைச் சீக்கிரம் மாட்டிவிடலாம். ரேடியேட்டரின் மேல்முனை பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் காற்றுக்குமிழி பம்புக்குள் புகுந்து களகளவென்று சத்தம் போடும்.

பாகங்களைத் தனித்தனியாக வாங்கி நாமே இணைக்கும் தனி லூப்பில் 360 மி.மீ. தடித்த ரேடியேட்டர் போட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றினாலே போதும். அமைதிக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் போர்வெல் தண்ணீர் ஊற்றவே கூடாது: உப்பு படிந்து, பிராசஸர் மேல் உட்காரும் பிளாக்குக்குள் இருக்கும் முடியளவு இடுக்குகள் அடைபடும். டிஸ்டில்ட் வாட்டரோடு பாசியும் அரிப்பும் தடுக்கும் மருந்து சேருங்கள். செம்பு பிளாக்குக்கு அலுமினிய ரேடியேட்டர் வேண்டாம், அரித்துவிடும். மதர்போர்டுக்குக் கரண்ட் கொடுக்காமல் பம்பை மட்டும் ஓடவிட்டு, மூட்டுகளில் டிஷ்யூ சுற்றி 24 மணி நேரம் கசிவு பாருங்கள்.