ஆட்டத்தை விட்டவன் ஆட்டக்காரர்களின் விழாவுக்குப் போனால்

வீடியோ கேம் ஆடுபவர்களுக்கான விழா அது. நுழைவு கவுன்டரில் மணிக்கட்டில் பட்டையைக் கட்டிவிட்டு ஒரு துணிப் பையை நீட்டினார்கள். உள்ளே ஒரு போஸ்டர், ஒரு சாவிக்கொத்து, அப்புறம் சுரண்டிப் பார்க்கும் அட்டை ஒன்று. சுரண்டினால் கோட் வரும், அதை ஆட்டத்துக்குள் போட்டால் இந்த விழாவுக்கு வந்தவர்களுக்கு மட்டுமே கிடைக்கும் ஒரு குதிரை நம்முடையது. "பை போதும், அட்டை வேண்டாம்" என்றேன். "ஃப்ரீதான் அண்ணா" என்றார் அங்கிருந்த தன்னார்வலர் பெண், எனக்குக் காது கேட்கவில்லையோ என்ற சந்தேகத்தில் கொஞ்சம் சத்தமாகவே. பின்னால் நின்றவர் "ப்ரோ, வேணாம்னா எனக்குக் குடுங்க" என்று கையை நீட்டிவிட்டார். கொடுத்துவிட்டேன். ஒரு காலத்தில் அந்தக் குதிரைக்காக நான் இரண்டு நாள் தூங்காமல் இருந்திருப்பேன்.

ஆறு வருடம் ஆன்லைன் ஆட்டம் ஒன்றில் விழுந்து கிடந்தவன் நான். எந்த ஆட்டம் என்பது வேண்டாம். கில்ட் என்ற நிரந்தரக் குழு, அந்தக் குழுவோடு சேர்ந்து போகும் பெரிய சண்டையான ரெய்டு வாரம் நான்கு, விடிந்தால் அன்றன்றைக்கு முடிக்க வேண்டிய டெய்லி க்வெஸ்ட் என்று போன வாழ்க்கை. தங்கை கல்யாணத்தன்று மண்டபத்து மாடிப்படியில் உட்கார்ந்து கில்ட் சாட் படித்துக்கொண்டிருந்தேன், முகூர்த்தம் முடிந்த பிறகுதான் யாரோ வந்து தேடிக் கண்டுபிடித்தார்கள். விட்டு நான்கு வருடம் ஆகிறது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஏற்றுக்கொண்டு 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐசிடி-11 நோய்ப் பட்டியலில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்று ஒன்று இருக்கிறது. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஆடுகிறாய் என்ற கணக்கே அதில் கிடையாது. கட்டுப்பாடு கைவிட்டுப் போவது, மற்ற எல்லாவற்றையும் முந்திக்கொண்டு ஆட்டம் வந்து நிற்பது, கெடுகிறது என்று தெரிந்தும் தொடர்வது, இதெல்லாம் பொதுவாக 12 மாதமாவது நீடிப்பது. டாக்டர் இதை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியபோது நான் மேஜையில் இருந்த காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆக, இந்த விமர்சனத்தைக் குடிப்பதை விட்டவன் எழுதிய பார் விமர்சனம் மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

பயந்து பயந்து போனது புது ஆட்டங்களின் டெமோ பக்கம். ஒன்றுமே ஆகவில்லை! இரண்டு மணி நேரம் வரிசை, பதினைந்து நிமிடம் ஆட்டம், நேரம் முடிந்ததும் தோளில் ஒரு தட்டு, எழுந்து வந்துவிட்டேன். யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. டெமோவில் சேமித்து வைக்க எதுவும் இல்லை, லெவல் இல்லை, நாளைக்கு வராவிட்டால் அறுந்துபோகும் தொடர் லாகின் இல்லை, எனக்காகக் காத்திருக்கும் கில்ட் ஆட்கள் முப்பத்தொன்பது பேர் இல்லை. என்னைப் பிடித்து வைத்திருந்தது சண்டையும் மந்திரமும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன், உண்மையில் அந்தக் கணக்குப் புத்தகம்தான்.

அது எவ்வளவு உண்மை என்று மதியமே தெரிந்துவிட்டது. ஒரு முத்திரை அட்டை கொடுக்கிறார்கள், எட்டு ஸ்டாலுக்குப் போய் எட்டு முத்திரை வாங்கினால் பரிசுச் சக்கரத்தைச் சுற்றலாம். விளையாட்டாகத்தான் வாங்கினேன். ஆறாவது முத்திரைக்கு நிற்கும்போது கால் வலிக்கிறது, பசிக்கிறது, நான் கேட்க நினைத்திருந்த ஒரு இசையமைப்பாளரின் உரை ஆரம்பித்து அரை மணி ஆகிவிட்டது, நானோ ஏழாவது ஸ்டால் எந்தப் பக்கம் என்று வரைபடத்தைப் புரட்டுகிறேன். டெய்லி க்வெஸ்டை அட்டையில் அச்சடித்துக் கையில் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எட்டையும் முடித்தேன், மறைக்க விரும்பவில்லை. சக்கரம் சுற்றியது, ஒரு ஸ்டிக்கர் கிடைத்தது, உடனே இன்னொரு தடவை சுற்றக் கை அரித்தது. எப்போது வரும் என்று தெரியாத பரிசுதான் விடாமல் கொத்த வைக்கும் என்று உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களை வைத்துப் போன நூற்றாண்டிலேயே காட்டிவிட்டார். உள்ளே என்ன இருக்கும் என்று தெரியாமலே ஆட்டத்துக்குள் காசு கொடுத்து வாங்கும் பெட்டிகளான லூட் பாக்ஸ்கள் சூதாட்டச் சட்டத்துக்குள் வரும் என்று 2018இல் பெல்ஜியம் சொன்னதும் ஏறக்குறைய இந்த அரிப்பைப் பார்த்துத்தான். என்னைப் போன்றவர்கள் போனால் அந்த அட்டையை மட்டும் கையில் வாங்காதீர்கள்.

ஆட்டத்துக் கதாபாத்திரங்கள் மாதிரி வேடம் போட்டு வரும் காஸ்ப்ளே பகுதி பிரமாதம். நான் ஆடிய ஆட்டத்தின் ஒரு வாளை ஒரு பெண் தோளில் சாய்த்து வைத்துக்கொண்டு நின்றார். அந்த வாள் பரிசாக விழ, அதாவது டிராப் ஆக, நான் பதினோரு மாதம் ஒவ்வொரு வாரமும் அதே குகைக்குப் போனவன், ஒரு வாரம் கூடத் தவறியதில்லை, கடைசியில் அது வேறொருவருக்குப் போனது. எத்தனை நாளில் செய்தீர்கள் என்று கேட்டேன். ஈவா ஃபோம் ஷீட்டை வெட்டி, ஹீட் கன்னில் சூடாக்கி வளைத்து, பசை போட்டு ஒட்டி, நான்கு கோட் பெயின்ட், மூன்று வாரம் என்றார். "பிடிச்சுப் பாக்கறீங்களா?" என்று நீட்டினார். கனமே இல்லை. பிடியில் பெருவிரல் படும் இடத்தில் மட்டும் பெயின்ட் தேய்ந்து கறுப்பு ஃபோம் தெரிந்தது. படம் எடுக்கவா என்று கேட்டார், வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நடந்தேன்.

காசு போட்டு ஆடும் பழைய ஆர்கேட் இயந்திரங்கள் இருந்த மூலைதான் எனக்கு இந்த விழாவிலேயே பிடித்த இடம். 1980இல் வந்த பேக்-மேனில் 256ஆவது லெவலுக்குப் போனால் நிரலில் உள்ள பிழையால் திரையின் வலது பாதி எழுத்துக் குப்பையாகிவிடும், அதற்கு மேல் போகவே முடியாது. நான் மூன்றாவது லெவலிலேயே செத்தேன். 'கேம் ஓவர்' என்று வந்தது. என் பழைய ஆட்டத்தில் அந்த இரண்டு வார்த்தையை நான் பார்த்ததே இல்லை, ஆறு வருடத்தில் ஒருநாள் கூட.

குறைகள் நிறைய. சத்தம் காதைக் கிழிக்கிறது. பக்கத்துப் பக்கத்து ஸ்டால்கள் ஸ்பீக்கரை ஏற்றிப் போட்டிபோடுகின்றன. உட்கார இடம் இல்லாமல் ஜனங்கள் தரையில் சுவரோரம் சரிந்து கிடக்கிறார்கள். அமைதி அறை என்று ஒன்று வைத்திருப்பது நல்ல விஷயம், ஆனால் அதைக் கண்டுபிடிப்பதே ஒரு க்வெஸ்ட். கடைசி நாள் மதியத்துக்கு மேல் கூட்டம் வடிந்துவிடுகிறது, போனால் அப்போது போங்கள். மூன்று நாள் டிக்கெட் தேவையே இல்லை. திரும்பி வந்ததும் இருமல் கட்டாயம், அதற்கும் தயாராக இருங்கள்.

வெளியேறும் வழியில் பழைய கூட்டாளிகளைத் தேடுபவர்களுக்காக ஒரு பெரிய பலகை. சர்வர் பெயர், கில்ட் பெயர் எழுதி நூற்றுக்கணக்கான சீட்டுகள். எங்கள் கில்ட் பெயரைக் கால் மணி நேரம் தேடினேன், இல்லை. நானே ஒரு சீட்டில் கில்ட் பெயரை எழுதி, அடியில் என் பெயரையும் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன். பஸ் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது, அந்த முப்பத்தொன்பது பேரில் ஒருவருக்கும் என் நிஜப் பெயர் தெரியாது.