முனிச்சிலிருந்து பிராக், வியன்னா, புடாபெஸ்ட்: பஸ்ஸா, ரயிலா, விமானமா?

ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்கும் நம் மாணவர்களின் வாட்ஸாப் குழுக்களில், செமஸ்டர் தேர்வு முடிவதற்கு முன்பே இந்த விவாதம் கிளம்பிவிடும். நாலு பேர் சேர்ந்து பிராக், வியன்னா, புடாபெஸ்ட் சுற்றி வர வேண்டும். ஒருவர் ஃபிளிக்ஸ்பஸ் என்பார், இன்னொருவர் பல நாட்டு ரயில்களிலும் செல்லும் இன்டர்ரெயில் பாஸ் என்பார், மூன்றாமவர் மலிவு விமான டிக்கெட்டின் ஸ்க்ரீன்ஷாட்டைப் போட்டு எல்லாரையும் குழப்புவார்.

டிக்கெட் விலையை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறான பதில்தான் கிடைக்கும். அறைக் கதவைப் பூட்டியதிலிருந்து அடுத்த ஊர் ஹாஸ்டலில் பையை இறக்கும்வரை எவ்வளவு நேரம் போகிறது, அந்த நேரத்தில் நாலு பேரும் ஒன்றாக இருக்கிறீர்களா, போய்ச் சேர்ந்த நாள் உருப்படியாக மிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால், மத்திய ஐரோப்பாவுக்குள் என் ஓட்டு ரயிலுக்கு. முனிச்–பிராக் என்ற முதல் கட்டம் மட்டும் விதிவிலக்கு. அங்கே பஸ்தான்.

காரணம் தண்டவாளத்தில் இருக்கிறது. முனிச்சிலிருந்து பிராக் போகும் பாதையில், எல்லையின் இருபுறமும் நீண்ட தூரத்துக்கு இன்னும் மின்மயமாக்கல் நடக்கவில்லை. டீசல் எஞ்சின்தான் இழுக்கிறது. ஐந்தரை, ஆறு மணி நேரம் ஆகிவிடும். முனிச்சில் ஹாக்கர்ப்ரூக்கே பக்கத்தில் உள்ள பஸ் நிலையத்தில் ஏறினால், நெடுஞ்சாலை வழியாக ஏறக்குறைய ஐந்து மணி நேரத்தில் பிராக்கின் ஃப்ளோரென்ஸ் நிலையம். அங்கிருந்து பழைய நகரச் சதுக்கத்துக்கு நடந்தே போய்விடலாம். விலையும் குறைவு, நேரமும் குறைவு, யோசிக்க ஒன்றுமில்லை.

பெர்லினிலோ டிரெஸ்டனிலோ படிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். டிரெஸ்டனிலிருந்து பிராக் போகும் ரயில் எல்பே ஆற்றை ஒட்டியே, மணற்கல் குன்றுகளுக்கு நடுவே ஓடுகிறது. இரண்டரை மணி நேரம்கூட ஆகாது. பிராக் போகும்போது இடதுபக்க ஜன்னலோரம் உட்காருங்கள். ஆறு அந்தப் பக்கம்தான் வரும். அந்தப் பாதையில் பஸ்ஸில் போவது பெரிய இழப்பு.

பகல் பஸ்ஸை நான் பரிந்துரைக்கிறேன், இரவு பஸ்ஸை இல்லை. "ஒரு ராத்திரி ஹாஸ்டல் காசு மிச்சம்டா" என்று சொல்லித்தான் இரவு பஸ்ஸை புக் செய்கிறார்கள். அதிகாலை ஐந்து மணிக்கு இறக்கிவிடுவார்கள். ஹாஸ்டலில் அறை கிடைக்கப் பிற்பகல் இரண்டு, மூன்று மணி ஆகும். குளிர்காலமென்றால் எட்டு மணிவரை ஊர் இருட்டு. நாலு பேரும் தூக்கக் கலக்கத்தில் ஒருவர்மேல் ஒருவர் எரிந்து விழும் நாள் அது. மிச்சமான காசு, உட்கார இடம் தேடிக் குடிக்கும் காபியிலேயே பாதி போய்விடும். நண்பர்களோடு போகும் பயணத்தில் மனநிலையும் ஒரு செலவுக் கணக்குதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

விமானத்துக்கு வருவோம். முனிச் என்று போட்டு விற்கும் மலிவு டிக்கெட்டுகள் பல மெம்மிங்கனிலிருந்து கிளம்புபவை. அது முனிச்சிலிருந்து சுமார் 110 கிலோமீட்டர். பாரிஸ் என்று போட்டிருந்தால் பொவே விமான நிலையமா என்று பாருங்கள். நகரத்திலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் பஸ் கட்டணம் தனி. இலவசமாகக் கொண்டுபோகக்கூடியது சீட்டுக்கு அடியில் நுழையும் சின்னப் பை மட்டும்; குளிர்கால ஜாக்கெட், ஸ்வெட்டரோடு அதற்குள் அடைப்பது பெரும்பாடு. கூடுதல் பணம் கட்டாவிட்டால் நாலு பேருக்கும் நாலு மூலையில் சீட் விழும். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு படி: சில மலிவு நிறுவனங்களில், ஐரோப்பியக் குடியுரிமை இல்லாதவர்கள் பாதுகாப்புச் சோதனைக்கு முன் கவுண்டரில் ஆவணங்களைக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். ஒன்றேகால் மணி நேரப் பறத்தல் அரை நாளை விழுங்கிவிடும். லிஸ்பன், ஏதென்ஸ், தெற்கு ஸ்பெயின் என்றால் தாராளமாகப் பறக்கலாம். ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகிற ஊர்கள் அவை. வியன்னாவுக்கும் புடாபெஸ்டுக்கும் வேண்டவே வேண்டாம்.

பிராக்கிலிருந்து வியன்னாவுக்கு ரயிலில் நாலு மணி நேரம், வியன்னாவிலிருந்து புடாபெஸ்டுக்கு இரண்டே முக்கால் மணி நேரத்துக்குள். நகரத்துக்குள் ஏறி நகரத்துக்குள் இறங்குகிறீர்கள். நடுவில் மேஜை போட்ட எதிரெதிர் சீட் நாலு கிடைத்தால் ஊருக்குள் என்ன பார்ப்பது என்பதை அங்கேயே பேசி முடித்துவிடலாம். கட்டி எடுத்துப்போன எலுமிச்சை சாதத்தையும் பிரிக்கலாம்.

இனி, பாஸா தனித்தனி டிக்கெட்டா என்ற கேள்வி. ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கு யூரெயில், இங்கே வசிப்பவர்களுக்கு இன்டர்ரெயில். குடியுரிமை எதுவானாலும், வசிப்பிட அனுமதி அட்டை இருந்தால் நாம் வாங்க வேண்டியது இன்டர்ரெயில்தான். 27 வயது வரை இளைஞர் விலை. வேலை பார்த்துவிட்டு மாஸ்டர்ஸ் வந்தவர்களில் பலர் 28-ஐத் தாண்டியிருப்பார்கள். ஒரே குழுவில் ஆளுக்கொரு விலை வரும் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். ஒரு மாதத்துக்குள் நாலு பயண நாட்கள் தரும் இளைஞர் பாஸே, தள்ளுபடி இல்லாத நாட்களில், 200 யூரோவைத் தாண்டுகிறது. இந்தச் சுற்றில் ரயில் கட்டங்கள் மூன்றே மூன்று: பிராக்–வியன்னா, வியன்னா–புடாபெஸ்ட், புடாபெஸ்ட்–முனிச். சில வாரங்கள் முன்கூட்டி வாங்கும் சலுகை டிக்கெட்டுகளைக் கூட்டினால் பொதுவாக அதைவிடக் குறைவாகவே வரும். ஆகவே இந்தப் பயணத்துக்குப் பாஸ் தேவையில்லை. ஒரே ரயிலுக்குச் செக், ஆஸ்திரிய, ஹங்கேரிய ரயில்வேத் தளங்களில் வெவ்வேறு விலை இருக்கும். மூன்றையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

தேதியை முடிவு செய்யாமல், பிடித்த ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிப் போகலாம் என்பவர்களுக்குத்தான் பாஸ். அதிலும் பிரான்ஸ், ஸ்பெயின் அதிவேக ரயில்களுக்குப் பாஸ் இருந்தாலும் இருக்கை முன்பதிவுக் கட்டணம் தனி. வசிக்கும் நாட்டுக்குள் ஒரு முறை வெளியே போக, ஒரு முறை திரும்பி வர மட்டுமே பாஸ் செல்லும். முனிச்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. கையில் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனி முழுக்க வட்டார ரயில், பஸ்களில் செல்லும் மாதச் சந்தா டிக்கெட்) இருந்தால், அது வட்டார ரயிலில் சால்ஸ்பர்க் ரயில் நிலையம் வரை செல்லும். அங்கிருந்து பாஸைத் தொடங்கலாம், அல்லது வியன்னாவுக்கு ஆஸ்திரியத் தனியார் ரயிலான வெஸ்ட்பானில் டிக்கெட் வாங்கலாம்.

வியன்னாவிலிருந்து வெனிஸுக்கு நீட்டிக்க ஆசைப்பட்டால் பகல் ரயில். 1854-இல் திறந்த செம்மரிங் மலைப்பாதை வழியாகப் போகிறது. அந்தப் பாதை 1998-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பகலை இழக்க மனமில்லையென்றால் நைட்ஜெட் என்ற இரவு ரயிலில் நாலு படுக்கை கொண்ட அறை ஒன்றை மொத்தமாக எடுத்துக்கொள்ளுங்கள். நான் சிபாரிசு செய்யும் ஒரே இரவுப் பயணம் அதுதான். அறைக் கதவை உள்ளே பூட்டிக்கொண்டு கால் நீட்டிப் படுக்கலாம்.

ரயிலின் பலவீனம் தாமதம். 2024-இல் ஜெர்மன் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. ஆகவே திரும்பி வரும் நாளில் மாலை ஷிஃப்ட் வேலையை ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒரு மணி நேரம் தாமதமானால் கட்டணத்தில் 25 சதவீதமும், இரண்டு மணி நேரமானால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம்.

நாலு பேர் போவதாக இருந்து ஒருவர் கடைசி வாரத்தில் கழன்றுகொள்வதும் நடக்கும். அசைன்மென்ட் வந்துவிடும், வேலை கிடைத்துவிடும். மலிவு விமான டிக்கெட்டில் பெயர் மாற்றக் கட்டணமே டிக்கெட் விலையைத் தாண்டலாம். பஸ்ஸில் ஒரு தொகையைப் பிடித்துக்கொண்டு வவுச்சர் தருவார்கள். ஜெர்மன் ரயில்வேயின் ஆக மலிவான சூப்பர் ஸ்பார்ப்ரைஸை ரத்து செய்ய முடியாது. அடுத்த படியான ஸ்பார்ப்ரைஸ் என்றால் கட்டணம் பிடித்து மீதியை வவுச்சராகத் தருவார்கள். உறுதியில்லாத ஆள் குழுவில் இருந்தால் ஆளுக்குத் தனி புக்கிங் போடுங்கள். நாலு பேரையும் ஒரே புக்கிங்கில் கட்டினால் சண்டை அங்கேதான் தொடங்கும்.

எதில் போனாலும் ஆவண விஷயம் ஒன்றுதான். ஜெர்மனி, செக், ஆஸ்திரியா, ஹங்கேரி நாலுமே ஒரே விசாவில் சுற்றிவரக்கூடிய ஷெங்கன் நாடுகள். ஜெர்மன் வசிப்பிட அனுமதி இருந்தால் தனி விசா வேண்டாம். ஆனால் 2024 செப்டம்பரில் ஜெர்மனி தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனையைத் தொடங்கியது. பஸ்ஸிலும் ரயிலிலும் போலீஸ் ஏறிக் கேட்பார்கள். பாஸ்போர்ட், அனுமதி அட்டை இரண்டும் அசலாக, உடம்போடு இருக்கும் சின்னப் பையில் இருக்கட்டும். போனில் எடுத்த படம் செல்லாது.