கருவாட்டுக்கு வாங்கிய பை, சார்ஜா வெள்ளத்தில்

இந்தப் பையை நான் மழைக்காக வாங்கவே இல்லை. 2024 ஏப்ரலில் சார்ஜாவில் இருக்கிற அக்கா வீட்டுக்குக் கிளம்பும்போது நெத்திலிக் கருவாடு கொண்டுவரச் சொன்னாள். போன தடவை கொண்டுபோனபோது வாடை சூட்கேஸ் முழுக்க ஏறி, அத்தானுக்கு வாங்கிப்போன புதுச்சட்டை வரை நாறிவிட்டது. சரி, காற்றுகூடப் புகாத பையாகப் பார்ப்போம் என்று பம்பாயில் மாட்டுங்காவிலிருந்து கிராஃபோர்ட் மார்க்கெட் போய் ஒரு தார்ப்பாய்க் கடையில் 25 லிட்டர் டிரை பேக், அதாவது தண்ணீர் புகாத பை, வாங்கினேன். 850 ரூபாய். ஜிப் கிடையாது, வாயை மூன்று சுற்றுச் சுருட்டி கிளிப் போட வேண்டும்.

கடைக்காரர் ராஜஸ்தான் பாலைவனத்துப் பார்மர்க்காரர். பாலைவன நாட்டுக்கு வாட்டர்ப்ரூஃப் பை கொண்டுபோகிறேன் என்று நான்தான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. 2006 ஆகஸ்டில் அவர்கள் பக்கம் கவாஸ் கிராமம் மூழ்கியதையும், மணலுக்கு அடியில் ஜிப்சம் படிந்திருப்பதால் தண்ணீர் கீழே இறங்காமல் மாதக்கணக்கில் அப்படியே நின்றதையும் சொன்னார். கதை விடுகிறார் என்று நினைத்து 50 ரூபாய் குறைக்கச் சொன்னேன். குறைக்கவில்லை.

நான் போய் நாலாம் நாள், ஏப்ரல் 16, கொட்டித் தீர்த்தது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் 24 மணி நேரத்துக்குள் 254.8 மி.மீ.; 1949இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அந்த நாட்டில் இவ்வளவு பெய்ததில்லையாம். 2005 ஜூலை 26 அன்று ஒரே நாளில் 944 மி.மீ. வாங்கிய பம்பாய்க்காரனுக்கு இது பெரிதாகத் தெரியாது, ஆனால் அங்கே வருஷம் முழுக்கப் பெய்வதே 100 மி.மீ. சுமார்தான், அதை நம்பிக் கட்டிய ஊரில் வடிகால் எங்கே இருக்கும்? கட்டடத்தில் எல்லாரும் மழை வரவழைக்க விமானத்திலிருந்து மேகத்தில் உப்புத் தூவியதால்தான் என்று அடித்துச் சொன்னார்கள். அந்தப் புயலின்போது தூவவே இல்லை என்றது அவர்கள் வானிலை மையம். எப்படியும் தூவி வரவழைக்கிற அளவு மழையா அது? காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், சுற்றிலும் வெதுவெதுப்பான கடல் வேறு.

பைக்கு வருகிறேன். கரன்ட் இல்லை, லிஃப்ட் இல்லை, தெருவில் இடுப்பளவு தண்ணீர். கருவாட்டைக் கொட்டிவிட்டு, பாஸ்போர்ட், போன், பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு வாங்கிய இன்சுலின் எல்லாம் இதற்குள்தான் போனது. கொஞ்சம் காற்றை உள்ளே விட்டுச் சுருட்டினால் பை மிதக்கிறது, அதனால் தோளில் தூக்காமல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டே நடந்தேன். மூன்று நாள், ஒரு சொட்டு உள்ளே இறங்கவில்லை. தையல் இல்லாமல் சூட்டில் ஒட்டிய மூட்டுகள், அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

குறை இரண்டு. தோள்பட்டை வார் மெத்தை இல்லாமல் அறுக்கும், கிளிப்பும் மட்டம். ஒன்று ஊர் திரும்புவதற்குள் உடைந்தே போயிற்று.

ஐந்துக்கு நாலு. ஒன்றைப் பிடித்துக்கொண்டது கிளிப்புக்காக. நெத்திலி வாடை மட்டும் வெளியே போகாமல் உள்ளேயே தங்கிவிட்டது, வினிகர், எலுமிச்சை, மே மாத வெயில் எல்லாம் காட்டியாயிற்று. போன ஜூனில் தாதரில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு அதைத் திறந்தேன், பஸ் ஸ்டாப்பில் இருந்த ஒரு பூனை என்னையே பார்த்தது.