வெஸ்ட் ஆஃப் அலமெய்ன்: டோப்ரூக்ல நிக்கணும்னா சுடாம காத்திருக்கணும்

பாலைவன முற்றுகைய போர்டு கேம்ல ஆடிப் பாக்கணும்னு ஆசை இருக்கறவங்களுக்காக இத எழுதறேன். வெஸ்ட் ஆஃப் அலமெய்ன்ங்கறது அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர்ங்கற இரண்டாம் உலகப் போர் போர்டு கேம் வரிசைல 1988ல வந்த மாட்யூல், அதாவது கூடுதல் பெட்டி. பிரிட்டிஷ் படையோட கவுன்டர் (படைய காட்டற அட்டைத் துண்டு), வண்டி, பீரங்கி எல்லாம் இதுல இருக்கு, கூடவே வட ஆப்பிரிக்கா பாலைவனத்துக்குன்னு ரூல்புக்ல ஒரு முழு அத்தியாயம். தனியா இத மட்டும் வாங்கி ஆட முடியாது, ரூல்புக்கும் ஜெர்மன் படை இருக்கற பியாண்ட் வேலர் பெட்டியும் கண்டிப்பா வேணும்.

போர்டை விரிச்சதும் முக்காவாசி பேருக்கு சப்புன்னு ஆயிடும். வெறும் மணல் நிறம், அங்கங்க ஒரு மேடு, அவ்ளோதான், இதுல ஒளிஞ்சு விளையாட என்ன இருக்குன்னு தோணும். ஆனா இந்த வெறுமைதான் கேமோட உயிரே. போர்டுல இருக்கற அறுகோண அறை ஒண்ணு, அதாவது ஒரு ஹெக்ஸ்னா 40 மீட்டர், மறைவே இல்லாத 40 மீட்டர், அத கால்நடையா கடக்கறவன நினைச்சுப் பாருங்க.

நாங்க ஆடினது லிபியாவுல ஜெர்மன் பக்கம் முற்றுகை போட்ட டோப்ரூக் துறைமுகம், 1941 ஏப்ரல் 13 ராத்திரிலேருந்து 14 விடியக்காலை வரைக்கும். ரூல்புக்ல நம்மளே ஸினாரியோ, அதாவது ஆடப்போற சண்டைய அமைச்சுக்கற வழி இருக்கு, அதுல போட்டோம். நிஜத்துல நடந்தது என்னன்னா, ஜெர்மன்காரங்க எல் அதெம் ரோட்டுக்குப் பக்கத்துல ஆர்33ங்கற காவல் நிலை கிட்ட டேங்க் எதிர்ப்புப் பள்ளத்த தாண்டி உள்ள வந்தாங்க, ஆஸ்திரேலிய ஜெனரல் மோர்ஸ்ஹெட் கீழ இருந்த காலாட்படை டேங்க்க உள்ள போக விட்டுட்டு அவங்கவங்க குழியிலயே உக்காந்திருந்து பின்னாடி வந்த காலாட்படைய அடிச்சாங்க, உள்ள போன டேங்க்க பிரிட்டிஷ் 25 பவுண்டர் பீரங்கிங்க நேருக்கு நேர் சுட்டு நொறுக்குச்சு.

இந்த கேம் மேல எனக்கு இவ்ளோ மரியாதை வர காரணமே இதான்: அந்தத் தந்திரத்த ஸ்பெஷல் ரூலா எங்கயும் எழுதி வைக்கல, ஆனா ஆடும்போது தானா வந்து நிக்குது. உங்க ஸ்குவாட் (சின்ன காலாட்படைக் குழு) மேல கேள்விக்குறி போட்ட மறைவு கவுன்டர் இருக்கு, டேங்க் நாலு ஹெக்ஸ் தள்ளி வருது, கை துறுதுறுங்குது. சுட்டா மறைவு போச்சு, அடுத்த கட்டத்துலயே டேங்க்கோட மெஷின் கன் உங்க மேல திரும்பும், உங்க ரைஃபிள் அதுக்கு ஒரு கீறல்கூட போடாது. 2 பவுண்டர்ங்கற டேங்க் எதிர்ப்புப் பீரங்கி டேங்க்க அடிக்கும், ஆனா அதுக்கு வெடிகுண்டு ஷெல்லே கிடையாது, காலாட்படை மேல பெருசா ஒண்ணும் பண்ணாது. அதனால பல்ல கடிச்சுக்கிட்டு விடணும். டேங்க் தாண்டிப் போன பிறகு பின்னாடி ஓடி வர்ற ஸ்குவாட் மேல ப்ரென் கன்ன (லைட் மெஷின் கன்) திறந்தா, வெட்டவெளில ஓடறதுக்கு ஒண்ணு, பதுங்காம ஓடறதுக்கு ஒண்ணுன்னு டைஸ்ல ரெண்டு கழியும், இந்த கேம்ல எண் குறையக் குறைய அடி பலம்.

இதுக்கு மேல தூசி வேற. டேங்க் நகர்ந்தா அது கிளப்பற தூசிக்கு கவுன்டர் வைக்கணும், உங்க பார்வை அதுக்குள்ள போச்சுன்னா வெட்டவெளி தண்டனை ரத்து. அப்போ தாக்கறவன் என்ன பண்ணுவான், காலாட்படைய டேங்க் வாலப் பிடிச்சே கொண்டு வருவான். கொஞ்சம் பின்தங்கினா தூசி மறைப்பும் இல்ல, டேங்க் துணையும் இல்ல. என் எதிராளி இதுல கில்லாடி, அவர் டேங்க்க ரெண்டு வரிசையா விட்டு நடுவுல ஸ்குவாட்ட நடத்தினத பாத்து எனக்கு கை தட்டணும் போல இருந்துச்சு.

ராத்திரி ரூலும் சேர்த்தா பாரம் கூடும்தான், பார்வை தூரம், வெளிச்ச குண்டு, வழி தவறிப் போறதுன்னு ஏகப்பட்டது, அதுவும் ஒரு டர்ன்லயே சுடறது, நகர்றதுன்னு 8 கட்டம். ஆனா ஆஸ்திரேலியக் கார்ப்பரல் ஜான் எட்மண்ட்சன் வயித்துலயும் கழுத்துலயும் காயத்தோட பயனெட் எடுத்துக்கிட்டு ஓடின ராத்திரி அது, அத பகல் வெளிச்சத்துல ஆடறதுக்கு எனக்கு மனசு வரல.

குறைன்னு சொன்னா, முற்றுகைங்கறது இதுல முழுசா வராது. ஒரு டர்ன் ரெண்டு நிமிஷம், டோப்ரூக் நின்னது 241 நாள். தண்ணி ரேஷன், ஈ, கப்பல்ல ராத்திரியோட ராத்திரியா வந்து இறங்கின சாமான், இதெல்லாம் இந்த அளவுல ஆடற கேமுக்கு எட்டாது. இன்னொண்ணு, உள்ள சிக்கினவங்கள்ல இந்திய 18வது குதிரைப்படையும் இருந்துச்சு, அவங்களுக்குன்னு தனி கவுன்டர் இல்ல, பிரிட்டிஷ் கவுன்டரையே வச்சு ஆடணும். நான் மனசுக்குள்ள பேர் வச்சுத்தான் ஆடறேன்.

தனியா உக்காந்து ஆடறவங்களுக்கு டோப்ரூக் சரிப்படாது, எதிராளி பீரங்கி எங்க புதைஞ்சிருக்குன்னு தெரியாம இருக்கறதுலதான் பாதி விஷயமே. ரூல் படிக்க பொறுமை உள்ள ஒரு ஆள் கூட இருந்தா தாராளமா வாங்கலாம். பழைய பெட்டியாதான் தேடணும், வாங்கும்போது மேல ஒட்ற பாலைவன ஓவர்லே தாள்கள் முழுசா இருக்கான்னு பாத்துக்கோங்க, நிறைய பெட்டில அது வெட்டி தொலைஞ்சு போயிருக்கும், அது இல்லன்னா பள்ளமும் ஓடையும் கல்லுத் தரையும் போட வழியே இல்ல.