காரில் நடந்த வாதமும் தொலைபேசியில் நடந்த பேச்சும்

1989இல் ராப் ரெய்னர் இயக்கிய 'வென் ஹாரி மெட் சாலி' நகைச்சுவைப் படத்தில், ஹாரி, சாலி என்ற இருவர் ஒரே பொருளைப் பற்றி இருமுறை பேசுகிறார்கள். உறவு எவ்வளவு மாறிவிட்டது என்பதை இவ்விரு உரையாடல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே அறியலாம்.

முதலாவது, 1977இல் சிகாகோவிலிருந்து நியூயார்க்குக்குச் செல்லும் கார்ப் பயணம். திராட்சைக் கொட்டையைத் துப்பும் ஹாரி, கண்ணாடி மூடியிருப்பதைக்கூடக் கவனிப்பதில்லை; பேச்சிலும் அப்படித்தான். நாயகி தன் காதலனான மதுக்கடைக்காரனை விட்டுக் கணவனுடன் விமானம் ஏறும் 'காசாபிளாங்கா' என்ற பழைய படத்தின் முடிவைப் பற்றிய வாதத்தில், அந்த மதுக்கடைக்காரனுடன் தங்குவதைவிடக் கணவனுடன் விமானம் ஏறுவதே மேல் என்கிறாள் சாலி. எதிராளியை மடக்குவதுதான் அங்கே இருவருக்கும் நோக்கம்.

இரண்டாவது, பல ஆண்டுகளுக்குப் பின் நள்ளிரவில் நடப்பது. திரை இரண்டாகப் பிரிந்திருக்க, இருவரும் தத்தம் படுக்கையில் கிடந்தபடி அதே படத்தைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டு தொலைபேசியில் பேசுகிறார்கள். அன்று சொன்னதை ஹாரி நினைவூட்டும்போது, தான் அப்படிச் சொல்லவே இல்லை என்று சாலி கூசாமல் மறுக்கிறாள். அவனும் சரி என்று விட்டுவிடுகிறான். முன்பு மணிக்கணக்கில் வழக்காடியவன் இப்படி விட்டுக்கொடுப்பது, படத்தின் இறுதியில் வரும் காதல் அறிவிப்பைவிட எனக்கு அழுத்தமாகப் படுகிறது. காரில் தோளுரச அமர்ந்திருந்தும் வாய்க்காத நெருக்கம், வெவ்வேறு வீடுகளில் இருக்கும்போது வாய்த்துவிடுகிறது.